சுவரில் நிற்கிறவன்

திருவொற்றியூரில் கன்டெய்னர் வண்டிகள் வரிசை பிடித்து நிற்கும் சாலையை ஒட்டிய தெருமுனையில் சாலமோன் அண்ணாச்சியின் மளிகைக் கடை. கடையின் பக்கச் சுவர் சாலையைப் பார்த்து இருக்கும். துறைமுகத்துக்குள் போக முறை வராத டிரெய்லர்கள் சில நாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்தச் சுவருக்கு எதிரிலேயே கிடக்கும். டிரைவர்கள் இறங்கி வந்து வாழைப்பழமும் பீடியும் வாங்குவார்கள். அப்படியே சுவரோரம் ஒதுங்கவும் செய்வார்கள். அதற்காகவே அண்ணாச்சியின் மனைவி ஞானம் ஒரு சமயம் அந்தச் சுவரில் சிலுவை, பிறை, வேல் மூன்றையும் வரிசையாக வரைய வைத்திருந்தாள். “மூணு சாமியையும் மதிக்காத பய ஒருத்தன் இருந்தாம்னா, அவன் இருந்துட்டுப் போறான்” என்பாள்.

இந்தச் சித்திரைக் கடைசியில் அந்த மூன்றின் மேலும் வெள்ளை அடித்தார்கள். அவர்களுடைய ஒரே மகன் ஜெரினை அங்கே வரைய வேண்டியிருந்தது.

ஜெரின் பட்டாளத்தில் இருந்தான். எல்லையில் சண்டை மூண்ட நேரத்தில், மலைமேல் ஒரு காவல் சாவடியில் இன்னும் இரண்டு பேரோடு நின்றிருந்தான். குண்டு எதுவும் படவில்லை. மேலேயிருந்து பனி சரிந்து வந்து சாவடியையும் மூன்று பேரையும் கொண்டுபோய்விட்டது. சண்டைக்கு நடுவிலும் தேடினார்கள், சண்டை நின்ற பிறகும் தேடினார்கள். கடைசியில், கீழே முகாமில் அவன் வைத்துவிட்டுப் போயிருந்த கறுப்பு டிரங்குப் பெட்டி மட்டும் ஒரு ஹவில்தாரோடு சென்ட்ரலில் வந்து இறங்கியது. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குச் சொல்லிவைத்திருந்த சாலமோன், குழியில் வைக்க ஒன்றும் இல்லாமல், வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இனி ஊருக்குள் ஜெரினுக்கென்று ஓர் இடம் உண்டென்றால் அது இந்தச் சுவர்தான் என்று ஆகிப்போனது.

படம் போடலாம் என்று முதலில் சொன்னது வணிகர் சங்கத் தலைவர் சிவந்தி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திறப்பு என்று நாளும் குறித்துவிட்டார். வரைவதற்குத் தமீமைப் பேசினார்கள். தமீம் டிரெய்லர் வண்டிகளின் பின்கதவில் புலி, கழுகு, வண்டி முதலாளியின் குழந்தைகள் எல்லாம் வரைகிறவன். தண்டையார்பேட்டைக்காரன். காது மடலில் எப்போதும் ஒரு கரித்துண்டைச் செருகியிருப்பான், மற்றவர்கள் பீடி செருகுவதைப்போல.

வியாழக்கிழமை காலை அவன் வந்தபோது கடையில் கூட்டம் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்று வந்தால் பருப்பு டின்களின் மூடியில் சாம்பல் படியும். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி படியும். ஜெரினின் மனைவி வினிதா துடைத்துக்கொண்டிருந்தாள். ராயபுரத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு அவன் வீட்டில் இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு மழைக்காலம்கூடத் தேறாது. அவன் இல்லாத வீட்டில், அவனுடைய அப்பா அம்மாவோடு, கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டு அவள் இருந்த காலம்தான் அதிகம்.

“போட்டோ கொடும்மா” என்றான் தமீம்.

வினிதா போனைக் கொடுத்தாள். ஜெரின் கடைசியாக அனுப்பிய படம். போனை எதன் மீதோ சாய்த்து வைத்து, டைமர் போட்டு எடுத்திருக்கிறார்கள். பனி அடைத்த மூட்டைகளுக்கு முன்னால் மூன்று பேர். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தை மூடிய துணி, கறுப்புக் கண்ணாடி. ஒருவனுடைய மூக்குகூட வெளியே தெரியவில்லை. இடது பக்கம் நிற்பவன் துப்பாக்கியை இரு கையாலும் நெஞ்சோடு பிடித்திருக்கிறான். நடுவில் நிற்பவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டுக் கைகளை அக்குளில் செருகியிருக்கிறான். வலது பக்கத்தவன் ஒரு காலைத் தூக்கி மூட்டைமேல் வைத்திருக்கிறான்.

தமீம் போனைக் கிட்டே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான்.

“இன்னா அண்ணாச்சி, மூணும் வெள்ளையடிச்ச சிமெண்டு மூட்டையாட்டம் கீது. இதுல உன் புள்ள யாரு?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் கோபம் வேறு விஷயத்துக்காகச் சேர்ந்துகொண்டிருந்தது.

“மூட்ட மேல கால் போட்டுக்கிட்டு நிக்காம்லா, அவன்தான்” என்றாள் ஞானம். “நடக்கப் படிச்ச நாள்லேந்து அரிசி மூட்ட மேல ஒரு காலத் தூக்கிப் போடாம நிக்க மாட்டான். எத்தன தடவ அடிச்சிருப்பேன்.”

“அவன் இல்ல” என்றார் சாலமோன். “அந்தா, எடது பக்கம். துப்பாக்கிய ஒழுங்காப் பிடிச்சிருக்கான் பாரு. வேலையில நிக்கும்போது எம் மவன் காலத் தூக்கிப் போட்டுக்கிட்டு நிக்க மாட்டான்.”

“பெத்தவ எனக்குத் தெரியாதா? அவன் எங்க நிக்கான்னு தராசப் பாத்துக்கிட்டே இருந்த ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

தமீம் வினிதாவைப் பார்த்தான். “நீ சொல்லும்மா. கட்னவ நீ.”

வினிதா மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

படத்தோடு ஜெரின் ஒரு வரி எழுதியிருந்தான்: மூணு பேர்ல நான் யாரு, சொல்லு பாப்போம். படம் வந்த அன்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. ‘நடுவுல’ என்று உடனே பதில் போட்டாள். அவனுக்குக் குளிர் தாங்காது. ஆனி மாதம்கூட ஃபேனைக் குறைக்கச் சொல்கிறவன். கையைச் செருகிக்கொண்டு நிற்பவன் அவனாகத்தான் இருக்க வேண்டும். பதிலுக்குப் பக்கத்தில் ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவேயில்லை. அவள் சொன்னது சரியா தப்பா என்று சொல்ல, அந்தப் பதில் அவனுக்குப் போய்ச் சேரவேயில்லை. அதன் பிறகு அந்தப் படத்தை அவள் பார்த்துப் பார்த்து, இப்போது நடுவில் நிற்பவன் யாரோ ஒரு பஞ்சாபிக்காரன் போலத் தெரிந்தான். மற்ற இருவரும் அப்படியே.

“நடுவுல இருக்கறவர்னு நினைச்சேன்” என்றாள்.

“நெனச்சியா?” என்றாள் ஞானம். குரல் உயரவில்லை. “புருசன அடையாளம் காட்டச் சொன்னா நெனச்சேங்கா.”

பெட்டி கொண்டுவந்த ஹவில்தாருக்கு சாலமோன் போன் போட்டார். வேலூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். “ஐயா, அங்க ஒடுப்பு யாருக்கும் சொந்தம் கிடையாதுங்க. எது காஞ்சிருக்கோ அத எடுத்து மாட்டிக்குவோம். மூணு பேருமே ஒரே ஒசரம். என்னக் கேட்டா... சொல்லத் தெரியலைங்க ஐயா.” “மத்த ரெண்டு வீட்லயும் இதே படத்த வச்சுக்கிட்டு இதையேதான் கேக்கறாங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நடுப்பகலில் சிவந்தி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை வீசினார்.

“இதுக்கா மண்டைய ஒடைக்கிய? மூஞ்சிக்குக் கல்யாண போட்டோ இருக்குல்லா. ஒரு கால முன்னால வச்சு, துப்பாக்கிய நீட்டி, சடசடன்னு சுடுதாப்புல போடு. பின்னால கொடி. கீழ நம்ம சங்கத்துப் பேரு. பாக்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கணும் பாத்துக்க.”

“அவன் சுடல அண்ணாச்சி” என்றார் சாலமோன்.

“படந்தான வே?”

“கடைசியாப் பேசுன அன்னைக்கு வரைக்கும் ஒரு தடவகூடச் சுடல. என்கிட்ட அவனே சொன்னான். ராத்திரியும் பகலும் நிக்கதுதான் வேலன்னான். அப்பா, கடையில நிக்கேனோ இங்க நிக்கேனோ, நிக்கிற பொழப்புதாம்ப்பான்னு சிரிச்சான். நின்னதப் போடட்டும்.”

சிவந்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்களை அழைத்தாயிற்று, எதையாவது போட்டு முடிக்கச் சொல் என்று தமீமிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

தமீம் கரித்துண்டைக் காதிலிருந்து எடுத்தான். “அண்ணாச்சி, மூஞ்சி அப்பால. மொதல்ல ஒடம்பு நிக்கணும். ஆள் ஒசரத்துக்குப் போடற படத்த நான் கண்ணளவுல போட மாட்டேன். செவுத்தாண்ட ஒரு ஆள நிக்க வச்சு, சுத்தி கரிக்கோடு இஸ்துருவேன். புலிக்குத்தான் நிக்க வைக்க முடியாது. மன்சனுக்கு மன்சன் நின்னாதான் கை வரும். யாரு நிக்கிறீங்க?”

சாலமோன் உள்ளே போனார். டிரங்குப் பெட்டியிலிருந்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அரிசி மூட்டைப் பாரம் இருக்கும் அந்தக் கோட்டு. அக்னி வெயில். துப்பாக்கிக்கு எதுவும் கிடைக்காமல், ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு சுவரில் முதுகை ஒட்டி நின்றார். வரிசையில் கிடந்த டிரெய்லர்களிலிருந்து டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மீன் கூடையோடு போன பூமாரி நின்றாள்.

“இன்னா அண்ணாச்சி, இந்த வெயில்ல கோட்டு மாட்டிக்கினு? ஊட்டிக்கா போற?”

“படம்” என்றார் சாலமோன், வாயை அதிகம் அசைக்காமல்.

பூமாரிக்குப் புரிந்தது. கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நின்றாள்.

தமீம் காலிலிருந்து கோடு தொடங்கினான். முழங்கால்வரை வந்திருப்பான். ஞானம் பொறுக்கவில்லை.

“இது யாரு நிக்கா? வெரப்பா, கடன் கேக்க வந்தவன வெரட்டுதாப்புல. எம் பிள்ள இப்பிடியா நிப்பான்? ஒரு கால மடக்குங்க.”

“நீ சும்மா இரு.”

“மடக்குங்கன்னா.”

“வேலையில நிக்கவன் மடக்க மாட்டாம்ட்டி! நான் சொல்லுதேன்லா!” அவர் கத்தினார். கத்திய வேகத்தில் கம்பி நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். சர்க்கரை வியாதிக்காரர், காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

தமீமும் ஒரு டிரைவரும் தூக்கி, நிழலில் சாக்கின்மேல் படுக்க வைத்தார்கள். வினிதா சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். ஞானம் கோட்டின் பித்தான்களைக் கழற்றினாள். அவசரத்தில் ஒரு பித்தான் அறுந்து வந்தது. உள்ளே சட்டை பிழியும்படி நனைந்திருந்தது. கண் திறந்த சாலமோன் முதலில் சொன்னது, “அவன் எடது பக்கந்தாம்ட்டி” என்பதுதான்.

ஞானம் எழுந்தாள். நேராக வினிதாவின் முன்னால் வந்து நின்றாள்.

“இந்த மனுசன் செத்தாத்தான் நீ வாயத் தொறப்பியா? சொல்லு. எங்களுக்குத் தெரியல. பெத்து, சோறு போட்டு, பட்டாளத்துக்கு அனுப்பிட்டோம், அதோட எங்களுக்கு மறந்துபோச்சு. நீ அவங்கூடப் படுத்து எந்திரிச்சவ. ஒரு பொம்பளைக்குத் தன் புருசன் எங்க நின்னாலும் தெரியாதா? இருட்டுல நின்னாத் தெரியும். செத்துக் கெடந்தாலும் தெரியும். ஒனக்கு என்ன தெரியும்? நடுவுலன்னு நெனச்சியாம்!”

“ஞானம்மா, வுடு” என்றாள் பூமாரி. “அதுவும் சின்னப் பொண்ணு.”

“நீ கூடையத் தூக்கிக்கிட்டுப் போ.”

வினிதாவுக்கு அழுகை வரவில்லை. செய்தி வந்த நாளிலிருந்தே வரவில்லை. அத்தை சொன்னதில் பொய் ஒன்றும் இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை. அவனை முகமாகத் தெரியும், குரலாகத் தெரியும், தூங்கும்போது பல்லைக் கடிப்பது தெரியும். நிற்பது? அவன் வீட்டில் இருந்த கொஞ்ச நாளில் அவன் உட்கார்ந்தான், படுத்தான், சிரித்தான். நின்றதெல்லாம் அங்கே. அந்த மலைமேல். அங்கே அவன் எப்படி நின்றான் என்று இந்த உலகத்தில் உயிரோடு இருக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் அவனோடேயே போய்விட்டார்கள். மூன்றில் யார் என்று சொல்லத் தெரியாத ஒருத்திக்கு அந்தச் சுவரில் யாரை வரைந்தால்தான் என்ன? ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தினமும் கடை திறக்கும்போது ஓர் அந்நியன் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கீழே ஜெரின் என்று எழுதியிருக்கும்.

“நான் நிக்கறேன்” என்றாள்.

“நீயா?” என்றான் தமீம்.

“ஆமாண்ணா. போடு.”

“நீ அவர் தோளாண்டதானம்மா வருவ?”

“பரவால்ல. போடுங்கறேன்ல.”

தரையில் கிடந்த கோட்டை எடுத்து நைட்டிக்கு மேலே போட்டுக்கொண்டாள். கணுக்கால்வரை தொங்கியது. மாமாவின் வேர்வையும் டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்த இரும்பு வாசனையும் அதில் இருந்தன. கம்பியைத் தோளில் சாத்தினாள். சுவரில் நின்றாள்.

முதலில் நடுவில் நின்றவனைப்போலக் கையைச் செருகிப் பார்த்தாள். கம்பி சரிந்தது. பிறகு இடது பக்கத்தவன் மாதிரி நெஞ்சோடு பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் தோள் கடுத்தது. தமீம் கரியை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவன் அவசரப்படுத்தவில்லை. டிரெய்லர் வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்து மறுபடி நின்றது. வெயில் முகத்தில் நேராக அடித்தது. கோட்டுக்குள் வேர்வை முதுகுத்தண்டு வழியாக ஊர்ந்து இறங்கியது. படத்தை மறந்தாள், நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. நேரம் போகப்போக உடம்பு தானாக ஓர் இடம் தேடியது. இடுப்பு ஒரு பக்கம் இறங்கிற்று. பாரம் முழுவதும் ஒரு காலுக்குப் போனது. மற்றக் கால் முட்டி லேசாக மடங்கியது. கம்பியின் நுனி தரையில் ஊன்றி, கை அதன்மேல் தொங்கியது. மோவாய் காலருக்குள் இறங்கியது. கண் மட்டும் சாலையைப் பார்த்தது. நகராத வண்டிகளைத் தவிரச் சாலையில் பார்க்க ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

“ஏட்டி, அசையாத” என்றாள் ஞானம்.

அவள் குரல் மாறியிருந்தது. சாக்கிலிருந்து சாலமோன் எழுந்து உட்கார்ந்தார்.

“தம்பி, போடு. சீக்கிரம் போடு. இதுதான். இப்பிடித்தான் நிப்பான்” என்றார்.

தமீம் மண்டியிட்டான். கரி சுவரில் உரசும் சத்தம் காலிலிருந்து மேலே ஏறி வந்தது. முட்டி, இடுப்பு, முழங்கை, தோள், தலை. தலையைச் சுற்றி வந்தபோது அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். மறுபக்கம் இறங்கிக் கடைசியில் கம்பியின் நுனியில் கோட்டை முடித்தான்.

சாலமோன் போனை எடுத்துப் பார்த்தார். படத்தில் இருந்த மூன்று பேரில் ஒருவனும் இப்படி நிற்கவில்லை. அவர் சுவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஒசரம் கம்மியா கீது” என்றான் தமீம் தயங்கி. “வேணும்னா கால்ல ஒரு ஜாண் சேத்து...”

“ஒண்ணும் சேக்காண்டாம்” என்றார் சாலமோன்.

“சரி. முடிஞ்சிதும்மா. வந்துரு.”

வினிதா வரவில்லை.

“எம்மாடி, ஆச்சு, வா. பெயிண்டு கலக்கணும்.”

அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

“மாத்து ஆள் வரலையேண்ணா” என்றாள்.

“இன்னா?”

“அவர் சொல்லுவாரு. மாத்து ஆள் வந்து நின்னாதான் இவர் எறங்கணும். அதுவரைக்கும் என்ன ஆனாலும் எடத்த விட்டுப் போகக் கூடாது. பனி வந்தாலும் போகக் கூடாது.” மூச்சு வாங்கினாள். “யாரும் வரலண்ணா அன்னைக்கு. நான் எப்படி வர்றது?”

தமீம் கையிலிருந்த கரியைப் பார்த்தான். சாலமோன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எதிரே ஒரு டிரைவர் எஞ்சினை அணைத்தான். அவள் அப்படியே நின்றாள். கோட்டின் விளிம்பு ஆடத் தொடங்கிற்று. விழுந்துவிடுவாள் என்று பூமாரி ஓர் அடி முன்னால் வந்தாள்.

அவளுக்கு முன்பே ஞானம் போய்விட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மருமகளுக்கு நேர் எதிரே போய் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஞானம் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தாள்.

“விடு. நான் வந்துட்டேன்.”

வினிதாவின் விரல்கள் பிரியவில்லை. ஞானம் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“வந்துட்டேம்ட்டி. நேரமாயிட்டு, வந்துட்டேன். நீ எறங்கு.”

கோட்டைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டாள். வினிதா நின்ற இடத்தில், அந்தக் கரிக்கோட்டுக்குள் முதுகை வைத்து நின்றாள். கரி வரைந்த அளவுக்குள் அவள் அடங்கவில்லை. இரண்டு பக்கமும் பிதுங்கினாள். கம்பியைத் தோளில் சாத்தினாள்.

“போ. பானையில சோறு கெடக்கு. நெத்திலிக் குழம்பும் இருக்கு. தின்னுட்டு வா.”

“அத்தை...”

“பேசப்பிடாது. போட்டி.”

வினிதா கடைப்படியில் வந்து விழுந்தாற்போல உட்கார்ந்தாள். பூமாரி உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள்.

“இன்னா ஞானம்மா, எம்மா நேரம் நின்னுகினு இருப்ப? மயக்கம் போட்டு வுழுந்துறப் போற.”

“டூட்டியில நிக்கேன்” என்றாள் ஞானம், சாலையைப் பார்த்தபடி. “தள்ளிப் போ.”

தமீம் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவில்லை. ஆள் நிற்கும் சுவரில் எப்படி அடிப்பது? சாலமோன் சாக்கிலிருந்து மெல்ல எழுந்து, ஈரச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் கையால் வாரிக்கொண்டார். சுவருக்கு இரண்டு எட்டு தள்ளி, தன் முறைக்குக் காத்திருப்பவர்போல நின்றார்.

படியில் வினிதா சோற்றைப் பிசைந்தாள். செய்தி வந்ததிலிருந்து எதை விழுங்கினாலும் தொண்டையில் நின்று திரும்பி வந்துகொண்டிருந்தது. இன்றும் முதல் கவளம் நின்றது. தண்ணீரைக் குடித்து அதைத் தள்ளினாள். அத்தைக்கு முட்டி வலி. மாமா இனி நின்றால் விழுவார். எட்டிப் பார்த்தாள், ஞானத்தின் ஒரு கால் மடங்கத் தொடங்கியிருந்தது. வினிதா குனிந்து, நிமிராமல், வேகவேகமாகச் சாப்பிட்டாள்.